பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் என் அண்ணன்

மார்ச் 3, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் இருக்கட்டும்.

அண்ணன் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஸ்கூபா பயிற்சியைப் பற்றி விசாரிக்க இன்று காலை இருவரும் போனோம். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடை. சுவர் முழுக்கக் கறுப்பு ரப்பர் உடுப்புகள், உள்ளே ஆள் இல்லாத ஆட்களைப் போலத் தொங்குகின்றன. நடத்துகிறவரை எல்லாரும் கேப்டன் என்கிறார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், கடலடிப் படங்களைக் காட்டினார். அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, நான் கையால் பேசிப் புரியவைத்துவிடுவேன் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உள்ள ஏதாவது ஆச்சுன்னா நாங்க சிலிண்டரைத் தட்டித்தான் கூப்பிடுவோம். மேல படகு வந்தாலும் சத்தத்தை வச்சுத்தான் தெரியும். இவரை நான் எந்த தைரியத்துல இறக்குவேன்?"

அண்ணன் மரப்பட்டறையில் சுற்றுகிற ரம்பத்தோடு இத்தனை வருடமாக வேலை செய்கிறான், பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன என்றேன். கேப்டன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களை வேணா சேத்துக்கறேன். நீச்சல் தெரியுமில்ல?"

தெரியும். தலையை வெளியே நீட்டிக்கொண்டு, வாத்து மாதிரி. மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் ஊரைக் கூட்டுகிறவள் நான். அப்படிப்பட்ட நான், பக்கத்தில் நிற்கிறவனை ஒரு வார்த்தை கேட்காமல், "சரி, என்னைச் சேத்துக்கோங்க. நான் கத்துக்கிட்டு நானே இவனைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், நடுத்தெருவில் நின்று கையை வீசினான்.

"எனக்குப் பசிச்சா நீ சாப்பிடுவியா?"

பதில் சொல்வதற்குள் பேருந்தில் ஏறிப் போய்விட்டான்.

மார்ச் 4

வீட்டுக்காரரிடம் இன்றுதான் விஷயத்தைச் சொன்னேன். காபி புரையேறும்வரை சிரித்தார். "ஷவருக்கு அடியில நிக்கும்போதே குடை கேக்கிற ஆளு நீ!"

சிரிக்கட்டும்.

மார்ச் 16

முதல் வகுப்பு, நீச்சல் குளத்தில். ரப்பர் உடுப்புக்குள் நுழையவே பாதி உயிர் போய்விட்டது. என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு பெண் என் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டு, "ஆன்ட்டி, மூச்சை உள்ள இழுங்க" என்றாள். இழுத்த மூச்சை அப்புறம் எங்கே விடுவது?

சிலிண்டரிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொள்ள வேண்டும். பல் லேபில் செட்டுப் பல் செய்து பிழைக்கிறவள் அல்லவா, கடையில் வாடகைக்குக் கொடுத்த குழாயின் முனை ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம் முழுக்க யாரோ கடித்துத் துப்பியிருக்கிறார்கள். எனக்கு முன்னாலும் ஒரு பயந்தாங்கொள்ளி இருந்திருக்கிறார் என்று ஒரு ஆறுதல்.

தண்ணீருக்குள் மூச்சு வந்தது! அது ஒரு அதிசயம். அதுவரை எல்லாம் சரி. பிறகு மாஸ்க்கைக் கழற்றி, திரும்பப் போட்டு, மூக்கால் ஊதி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றச் சொன்னார் கேப்டன். கழற்றினேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்த நொடி மேலே வந்து இருமிக்கொண்டிருந்தேன், கேப்டனின் காதைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 17

மறுபடியும் அதே. இந்த முறை காது இல்லை, தலைமுடி.

மார்ச் 20

குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மூச்சு விடுகிற குழாயை வாயில் வைத்துக்கொண்டு முகத்தை முக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்த வீட்டுக்காரர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணனும் வந்தான். சண்டைக்குப் பிறகு முதல்முறை. வாளியையும் என்னையும் பார்த்தான். தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்புறம் என்னை மறுபடி செய்யச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ கண்ணை மூடிக்கிற" என்றான் கையால்.

"தண்ணிக்குள்ள பின்ன என்ன செய்யறது?"

"தெறந்து பாரு. கண்ணை மூடினா எனக்கு எல்லாமே அணைஞ்சுபோயிடும். அப்ப எனக்கும் பயமாத்தான் இருக்கும்."

திறந்தேன். எரிந்தது. வாளியின் அடி, நீல நிறம், ஒரு கீறல். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 24

மாஸ்க்கைக் கழற்றினேன், போட்டேன், ஊதினேன், தண்ணீர் போய்விட்டது. எதிரே கேப்டன் கை தட்டுவது தெரிந்தது, சத்தம்தான் இல்லை. திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன். யாரும் கேட்காமல் இன்னொரு முறையும் செய்தேன்!

ஏப்ரல் 21

கடல். நேற்று இரண்டு முழுக்கு, இன்று இரண்டு. முடித்துவிட்டேன். பாஸ்.

கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் படகில் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டான். ஆன்ட்டி எடுக்கவில்லை. கேப்டன் கை கொடுத்தார். "உங்களை மாதிரி என்னைப் பிடுங்கி எடுத்தவங்களும் இல்ல, உங்களை மாதிரி விடாம வந்தவங்களும் இல்ல."

பயிற்சி முடித்ததற்கான அட்டை நீல நிறத்தில் இருக்கிறது. போட்டோவில் தலைமுடி காக்கைக்கூடு. அதைச் செட்டுப் பல் அச்சுகளுக்கு நடுவில், வேலை செய்யும் மேஜையில் சாய்த்துவைத்தேன். முதலாளி வந்து பார்த்து, "கடல்ல யாருக்குங்க பல்லு கட்டப் போறீங்க?" என்றார்.

மே 5

தலையில் ஒரு கொட்டு. இந்த அட்டையை வைத்துக்கொண்டு அண்ணனை இறக்க முடியாதாம். "இது நீங்க முங்கறதுக்கு மேடம். அடுத்தவங்களை இறக்கறதுக்கு இல்ல. அதுக்குப் பயிற்சியாளர் வேணும்" என்கிறார் கேப்டன். இதை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா? நான் கேட்டிருக்கக்கூடாதா?

எந்த முகத்தோடு அண்ணனைப் பார்ப்பது.

மே 6

பட்டறைக்குப் போனேன். மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. போனை எடுத்து நீட்டினான்.

ஒரு மாதமாக ஒரு பெண் பயிற்சியாளரோடு எழுதிப் பேசிக்கொண்டிருக்கிறான்! உடலில் ஏதாவது குறை உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு பயிற்சி அமைப்பு இருக்கிறதாம். அந்த அம்மாள் அதிலும் பயிற்சியாளர், வேறொரு அமைப்பிலும் பயிற்சியாளர். கடற்கரையோரமாகவே பேருந்தில் போனால் அவர் ஊர். காது டாக்டர் பார்த்து, காதுச் சவ்வு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும், சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அண்ணன் டாக்டரையும் பார்த்துவிட்டான். "கேக்காதே தவிர, உங்க காது ரொம்ப நல்ல காது" என்றாராம் டாக்டர்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மட்டும்தான் தேடுவியா?"

அவனுக்குத் துணையாக முங்க அந்த அமைப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். அதற்கு முன்னால் அவர் மீட்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அண்ணன் என்னையே பார்த்தான். இந்த முறை கேட்டான். "வர்றியா?"

ஜூன் 8

அந்தப் பயிற்சியாளர் அம்மாளின் ஊருக்குப் போனோம். டீச்சர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஒட்ட வெட்டிய நரைமுடி, என் தோள் உயரம், குரல் மட்டும் கப்பல் சங்கு. அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார். வழக்கம்போல நான் குறுக்கே கையைத் தூக்கினேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் அவர்கிட்ட பேசறேன்."

சுருக்கென்றது. ஓரமாக நின்றேன். உதடு, கை, போன், மேஜைத் தூசியில் விரலால் ஒரு படம் என்று இருவரும் என்னென்னவோ பேசினார்கள், நடுவில் சிரிப்பு வேறு. என்ன சிரிப்பு? யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மதியம் என்னைச் சோதித்தார். நீல அட்டையைப் பெருமையாகக் காட்டினேன்.

"அட்டை இருக்கட்டும். மாஸ்க் கழட்டறதை அடியில முட்டி போட்டுச் செஞ்சீங்களா, மிதந்துகிட்டே செஞ்சீங்களா?"

முட்டி போட்டுத்தான். அவர் மீட்புப் பயிற்சி தரும் அமைப்பில் தரையைத் தொடவே கூடாது. அந்தரத்தில் நிற்க வேண்டும், மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு. முயன்றேன். ஒரு முறை மேல்மட்டத்துக்குப் போனேன், ஒரு முறை தரைக்கு, கடைசியில் மல்லாக்க. அண்ணன் குளக்கரையில் உட்கார்ந்து, கவிழ்ந்த ஆமை எப்படி இருக்கும் என்று கையால் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்.

ஜூன் 30

நின்றேன்! தரைக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவில், ஒன்றையும் பிடிக்காமல். மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே. மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த ஈயக்கட்டியில் பாதியைக் குறைத்துவிட்டார் டீச்சர். இவ்வளவு நாளும் பயத்தை அமுக்கிவைக்கத்தான் அத்தனை ஈயத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஜூலை 14

அண்ணனின் முதல் குளத்து வகுப்பு. அவன் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் டீச்சர் அவனை மேலே கூட்டிவந்தார். மறுபடி உள்ளே, மறுபடி மேலே. நாலைந்து தடவை. கரையில் நின்ற நான் குளத்தின் விளிம்புக்கே போய்விட்டேன். ஏதாவது ஆகிவிட்டதா? காது வலியா?

கட்டைவிரல்தான் காரணம். அண்ணனுக்குக் கட்டைவிரலைத் தூக்கினால் "பிரமாதம்" என்று அர்த்தம், பிறந்ததிலிருந்து. முங்குகிறவர்களுக்கு அது "மேலே போகலாம்". அவனுக்கு ஆனந்தம் தாங்காமல் விரலைத் தூக்கத் தூக்க, அவர் பாவம் பத்திரமாக மேலே கூட்டிவந்துகொண்டே இருந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய் விளக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீரில் நின்றபடி டீச்சர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 11

தோற்றுவிட்டேன்.

மீட்புப் பரீட்சை. டீச்சரின் உதவியாளர், யானை என்று பட்டப்பெயர், பெயருக்கேற்ற உருவம். அவர் தண்ணீரில் பதறிப்போன ஆளாக நடிக்க வேண்டும். நடிப்பா அது! நான் கிட்டே போனதும் என் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூக்கு வாய் எல்லாம் உப்பு. மாஸ்க் எங்கோ போனது. நான் அவரைக் காப்பாற்றப் போய், கடைசியில் அவர்தான் என்னைக் காப்பாற்றிக் கரைக்கு இழுத்துவந்தார். "சாரிக்கா, ரொம்ப ஏறிட்டேனா?" என்று கேட்டார்.

போதும். நாற்பத்து நாலு வயதில் எனக்கு எதற்கு இது? பல் லேபில் ஏசி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, யாரும் தோளில் ஏறுவதில்லை.

ஆகஸ்ட் 12

அண்ணனிடம் சொன்னேன், நான் விட்டுவிடுகிறேன், உனக்கு வேறு துணையை டீச்சரே பார்த்துக்கொள்வார் என்று. தலையாட்டினான். கோபப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்காக வராத. யானை இருக்கான், நான் அவன்கூடப் போய்க்குவேன். உனக்கு வேணும்னா வா."

எனக்கு வேண்டுமா?

ஆகஸ்ட் 13

இன்று மெழுகில் பல் பதித்துக்கொண்டிருக்கும்போது, மூச்சை இழுத்து ஒரு சாண் மேலே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. உடம்பு அதுவாகவே செய்தது.

வேண்டும்.

செப்டம்பர் 1

பாஸ்! பாஸ்! பாஸ்!

யானை ஏற வந்தார். நான் சட்டென்று தண்ணீருக்குள் போய்விட்டேன். பதறுகிறவன் தண்ணீருக்குள் துரத்த மாட்டான், இது டீச்சர் சொன்னது, போன தடவை மூளைக்கு ஏறவில்லை. முதுகுப்பக்கமாக எழுந்து, அவர் சிலிண்டரை என் முட்டிகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டு, மிதப்பதற்காக அவர் போட்டிருந்த காற்றுச் சட்டையை நிரப்பிவிட்டேன். மனிதர் தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி மிதந்தார். பிறகு மயங்கிக் கிடப்பவராகவும் நடித்தார். அடியிலிருந்து தூக்கிவந்து, மூச்சுக் கொடுத்து, இழுத்து, கரையேற்றினேன் — அந்த உடம்பை!

பச்சை அட்டை. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். கேலி ஏதாவது செய்வார் என்று பார்த்தேன். பையை வாங்கிக்கொண்டு, "உட்காரு, இன்னைக்கு நான் சமைக்கறேன்" என்றார். அதற்கப்புறம்தான், "நான் எப்பவாவது மயங்கி விழுந்தா மெதுவா இழு, என்ன?" என்றார்.

செப்டம்பர் 22

மூன்றாவது அமைப்பின், அதாவது குறை உள்ளவர்களுக்கென்றே இருக்கிற அந்த அமைப்பின், துணைவர் பயிற்சி. கண் தெரியாதவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிய, மாஸ்க்குக்குக் கறுப்புத் துணி ஒட்டி இறக்கினார்கள். என் கையைப் பிடித்தவர் வேறொரு பயிற்சியாளர். விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனார். எங்கே போகிறோம், எவ்வளவு ஆழம், எதிரே பாறையா, ஒன்றும் தெரியாது. மேலே வந்ததும் கத்திவிட்டேன். "இழுக்காதீங்க! முதல்ல சொல்லுங்க, அப்புறம் கூட்டிட்டுப் போங்க!"

"இந்தப் படிப்பே அவ்வளவுதான்" என்றார் டீச்சர். ஆரஞ்சு அட்டை.

மூன்று அமைப்பு, மூன்று அட்டை. மாஸ்க்கைக் கழற்றச் சொன்னால் காதைப் பிடித்த அதே நான்தான்.

அக்டோபர் 20

எங்கிருந்து ஆரம்பிப்பது.

காலையில் கடல் எண்ணெய் போட்டது மாதிரி அமைதியாக இருந்தது. அண்ணனின் பயிற்சியில் கடைசி முழுக்கு. டீச்சர், அண்ணன், நான். கயிற்றைப் பிடித்து இறங்கினோம். எனக்குக் காது அடைத்து, பாதியில் நின்று மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தேன். அவன் கீழே நின்று, கடைவாசலில் காக்க வைக்கப்பட்டவன் மாதிரி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு மீட்டர். மணல், பாறை, மஞ்சள் மீன்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் திரும்புகின்றன. டீச்சர் சொன்ன பரீட்சையெல்லாம் அந்தரத்தில் நின்றபடி செய்தான். மாஸ்க்கைக் கழற்றும்போது கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான் படவா. டீச்சர் கை குலுக்கினார். முடிந்தது. பாஸ்.

அப்புறம்தான் அது நடந்தது. டீச்சருக்குத் தண்ணீருக்குள் சொல்ல முடிந்தது என்ன? சரி, மேலே, கீழே, காற்று எவ்வளவு. அதற்கு மேல் அவருக்கு அங்கே மொழி இல்லை. எங்களுக்கு இருந்தது. முழு மொழி! அண்ணன் ஆரம்பித்தான். அந்த மீனைப் பார், எங்க ஸ்கூல் கணக்கு வாத்தியார் மூஞ்சி. அதோ மணலுக்குள்ளே ஒரு திருக்கை புதைஞ்சு கிடக்கு, கண்ணு மட்டும் தெரியுது, பார்த்தியா? எங்கே? உன் வலது கைப்பக்கம், குருடி. டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், விளங்காமல்.

வீட்டில், பட்டறையில், கல்யாண வீடுகளில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்க ஓரமாக உட்கார்ந்து என் கையைப் பார்க்கிறவன். இங்கே நடுவில் மிதந்துகொண்டு, சுற்றிலும் கையைக் காட்டிச் சொன்னான்:

"இங்க எல்லாரும் ஊமை. நாம ரெண்டு பேர்தான் வாயாடி."

சிரித்தேன். சிரித்ததில் மாஸ்க் இடுக்கில் தண்ணீர் புகுந்து மூக்குவரை ஏறிவிட்டது. ஊதி வெளியேற்றிவிட்டு மேலும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, பயப்பட மறந்துவிட்டேன் என்று.

படகில் ஏறியதும் டீச்சர் கேட்டார், "கீழ அப்படி என்னதான் பேசினீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனைக் காட்டினேன்.

நவம்பர் 17

படகுத்துறையில் கேப்டன். எங்கள் இருவர் தோளிலும் ஈர உடுப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "மேடம், இவருக்கு யார் கார்டு குடுத்தாங்க? உள்ள எப்படிச் சமாளிக்கிறார்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. மார்ச்சிலிருந்து சேர்த்துவைத்த பதில், நறுக்கென்று நாலு வார்த்தை. முழுங்கினேன். "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தேன். நடப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று இன்றுதான் தெரிந்தது. யானையைத் தூக்குவது சுலபம்.

திரும்பிப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியுமா? கேப்டன் முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்துத் தட்டி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் படித்தான், தட்டினான், நீட்டினான். டீ ஆறிப்போய், இன்னொன்று சொல்லி, அதுவும் தீர்ந்தது. இருவரும் இன்னும் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ஏதோ சைகை செய்து பார்த்தார். அண்ணன் அவர் விரலைப் பிடித்துத் திருத்தினான்.

"என்ன சொன்னார்?" என்று வழியில் கேட்டேன்.

"எங்களுக்குள்ள" என்றான் அண்ணன்.

ஜனவரி 19, ஞாயிறு

விடிந்ததும் அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன். கடல் நன்றாக இருக்கிறது, போகலாமா?

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "போயிட்டு வந்தாச்சு. எங்க ஆளுங்க ஆறு பேர். நேத்தே முடிவு பண்ணோம்." கூடவே ஒரு போட்டோ, தண்ணீருக்கடியில் எடுத்தது. டீச்சர் ஓரமாக இருக்கிறார். காது கேளாதோர் பள்ளியில் அண்ணனோடு படித்து, இப்போது டீச்சரிடம் பயிற்சி எடுக்கும் நண்பர்கள் வட்டமாக மிதக்கிறார்கள், ஒரு கைகூடச் சும்மா இல்லை. அண்ணன் நடுவில், ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டு கையும் பாதி வார்த்தையில் நிற்கின்றன. எல்லார் முகத்திலும் சிரிப்பு, குமிழ்கள்.

பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு என்னவாக இருக்கும் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடிபடவில்லை. கேட்கலாமா?

கேட்கவில்லை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, உன்னை விட்டுட்டுப் போயிட்டானா?"

"ஆமா" என்றேன். சிரிப்பு வந்தது.

டீச்சருக்குப் போன் போட்டேன். மதியம் படகு கிளம்புகிறதாம், ஓர் இடம் காலி, முப்பது மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய இழுவைப் படகைப் பார்க்கப் போகிறார்கள். "யாருக்குத் துணையா வர்றீங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் இல்லை, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். பையைக் கட்டியாகிவிட்டது.